துடி என்னும் சிறுசொல்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சில வாரங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், பதுளை நகரிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் புறப்படும் பஸ்ஸில் அமர்ந்திருந்தேன். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். தோட்டத்தில் வேலை செய்பவர்கள். நகரத்தில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். இளையவள் சொன்னாள்: "காலையில இருந்து எடக்கண்ணு துடிச்சுக்கிட்டே இருக்குக்கா." மூத்தவள் உடனே, "எடக்கண்ணுதானே? நல்லதுதான். கொழும்பில இருந்து ஒம் மகன் வருவான்போல" என்றாள். பகலெல்லாம் மலையேறிக் கொழுந்து பறித்த களைப்பையும் மீறி, இளையவளின் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரிந்தது.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தோழி தன் தலைவிக்குச் சொன்ன ஆறுதலைத்தான் அந்த அக்கா அன்று பஸ்ஸில் சொன்னாள். ஐங்குறுநூற்றைப் படித்து அவள் இதனை அறிந்தவளல்லள். வாய்வழியாகவே வந்து சேர்ந்த செய்தி இது. அவ்விருவர் பேச்சிலும் வந்த ஒரு சிறிய சொல்லையே இன்றைய உரைக்குப் பொருளாக எடுத்துக்கொள்கிறேன். "துடி" என்பது அச்சொல். இரண்டே எழுத்துகள். நாம் நினையாமலே நம் உடம்பில் ஓர் உறுப்பு அசைந்தால் அதற்குப் பெயர் அதுதான். இச்சொல்லைத் தேடிப்போக எனக்குக் காரணமாயிருந்தவன் ஒரு மாணவன். அவனைப் பற்றி உரையின் பிற்பகுதியில் சொல்வேன். அதற்கு முன் சொல்லின் வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

துடி என்றவுடன் பழந்தமிழ் வாசகர்களுக்கு நினைவில் வருவது ஒரு பறை. நடுப்பகுதி ஒடுங்கி, இரு தலைப்பும் அகன்ற சிறு தோற்கருவி அது. பாலைநிலத்து மறவரும் எயினரும் முழக்கியது. சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் கொற்றவையின் முன்னிலையில் அதன் ஒலியைக் கேட்கலாம். அதனை முழக்குபவன் துடியன். புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் நான்கு குடிகளை எண்ணுமிடத்தில் துடியனையே முதலில் வைக்கிறார். பெண்ணின் இடையைத் துடியிடை என்று புலவர்கள் பாடியதும் இக்கருவியின் ஒடுங்கிய நடுப்பகுதியைக் கருதியே. சைவ சித்தாந்தத்திலும் இச்சொல்லுக்குப் பெரிய இடமுண்டு. மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கில் ஒன்றான உண்மை விளக்கம், கூத்தப்பிரானின் கையிலுள்ள துடியிலிருந்தே படைப்புத் தொழில் தோன்றுகிறது என்று விளக்குகின்றது. அதாவது, உலகத்தின் முதல் அசைவு ஒரு துடிப்பு.

நமது தோட்டங்களில் கோடாங்கி கையில் வைத்துக் குறி சொல்லும் உடுக்கும் இந்தத் துடியின் இனத்தைச் சேர்ந்ததே. கண்டிய நடன மரபில் சிங்களக் கலைஞர்கள் கையில் ஏந்தி ஆடும் உடெக்கியும் அந்த இனத்ததுதான். குடகு மக்கள் இன்றும் தங்கள் சடங்குகளில் துடி என்ற பெயராலேயே ஒரு சிறு பறையை முழக்குகின்றனர். மலையாளத்திலும் துடி என்றால் பறைதான்.

பறையைக் குறித்த சொல் உடம்பையும் குறிக்கிறது. நெஞ்சு துடிக்கிறது, நாடி துடிக்கிறது, பிடித்துப் போட்ட மீன் துடிக்கிறது. அடித்த தோலில் எழும் அதிர்வும், தோலுக்குக் கீழே நமக்குள் எழும் அதிர்வும் தமிழனின் காதுக்கு ஒன்றாகவே கேட்டிருக்கின்றன. இங்கிருந்து சொல் மேலும் கிளைக்கிறது. சுறுசுறுப்பான பிள்ளையைத் துடிப்பான பிள்ளை என்கிறோம். பிரிந்தவரைக் காணத் துடிக்கிறோம். கன்னடத்தில் துடித்த என்ற சொல் இந்த ஏக்கத்தையும் உந்துதலையுமே குறித்து நிற்கிறது. வேதனை தாங்காதவன் துடிதுடித்துப் போகிறான். வேண்டியதை உடனே தரும், பிழைசெய்தால் உடனே தண்டிக்கும் தெய்வத்தைத் துடியான தெய்வம் என்கிறோம். தேயிலைத் தொழிற்சாலையின் பெருஞ்சக்கரத்தோடு நம்மவர்கள் சேர்த்து வணங்கிய ரோதைமுனியைப் பற்றி எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பேசும்போது, "அது துடியான சாமி" என்றே குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். உயிர், வேகம், ஏக்கம், வேதனை, தெய்வம் ஆகிய ஐந்தும் ஒரு சிறுசொல்லுக்குள் அடங்கியுள்ளன. இவற்றில் எதுவும் இழிவான பொருளன்று என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனிக் கண்ணுக்கு வருவோம். நமது இலக்கியத்தில் கண்துடிப்புக்கு நெடிய வரலாறு உண்டு. ஐங்குறுநூற்றின் 218ஆம் பாட்டு கபிலர் பாடிய குறிஞ்சி. அங்கே தோழி தலைவியிடம், உன் கண் அசைகிறது, வளையும் கையில் இறுகுகிறது, மலைநாட்டுத் தலைவன் வரப்போகிறான் போலும் என்கிறாள். யானையைத் தவறவிட்ட புலியின் முழக்கம் இடிபோல் ஒலிக்கும் மலைநாடு அவனுடையது. கலித்தொகையின் 11ஆம் பாட்டு, பாலை பாடிய பெருங்கடுங்கோவுடையது. பொருள் தேடிச் சுரம் கடந்து போன கணவன் திரும்புவான் என்று ஒரு பெண் தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறாள். பிடிக்கு நீர் ஊட்டிய பின்பே தான் உண்ணும் களிற்றை அவன் அந்த வழியில் காண்பான். கண்டால் என்னை நினைப்பான். வீட்டில் பல்லியும் நல்ல பக்கத்தில் ஒலித்தது. என் இடக்கண்ணும் அசைகிறது என்று காரணங்களை அடுக்குகிறாள்.

இவ்விரு பாட்டிலும் புலவர்கள் துடித்தது என்று சொல்லவில்லை. கண் "ஆடும்" என்றே சொல்கிறார்கள். கண் ஆடுகிறது! மயில் ஆடுவதுபோல, கொடி ஆடுவதுபோல. அச்சொல்லில் அச்சமில்லை, நோயில்லை. அந்த ஆட்டத்தை ஆட்டுவிப்பவர் எவருமில்லை. ஆடும் என்பது தன்வினை, ஆட்டும் என்பது பிறவினை என்று ஆறாந் தரத்துப் பிள்ளைக்கும் நாம் கற்பிக்கிறோம். அவள் கண்ணை ஆட்டவில்லை. கண் தானே ஆடியது.

சிலப்பதிகாரத்துக்கு வரும்போது துடித்தல் என்னும் சொல் இந்த இடத்தைப் பிடித்துவிடுகிறது. புகாரில் இந்திர விழா நடக்கிறது. ஊரே கொண்டாட்டத்தில் இருக்கும்போது இரண்டு பெண்களின் கண்கள் துடிக்கின்றன. தனிமையில் வாடும் கண்ணகிக்கு இடக்கண். கோவலனோடு கூடியிருக்கும் மாதவிக்கு வலக்கண். பெண்ணுக்கு இடம் நன்மை, வலம் தீமை என்பது மரபு. கோவலன் மாதவியைப் பிரியப்போகிறான், கண்ணகியிடம் திரும்பப்போகிறான் என்பதை அவர்கள் அறியுமுன்னர் கண்கள் அறிந்துகொண்டன. ஆயினும் அந்தத் திரும்புதல் மதுரையில் எப்படி முடிந்தது என்பதை அறிந்த நமக்கு, கண்ணகியின் இடக்கண் துடித்ததைப் படிக்கையில் நெஞ்சு கனக்கிறது. இளங்கோவடிகள் ஒரு நற்சகுனத்தைக் கொண்டே நம்மைக் கலங்க வைத்துவிடுகிறார்.

கம்பனின் சீதை அசோக வனத்தில் திரிசடையிடம் இதனையே கேட்கிறாள். விசுவாமித்திர முனிவரோடு இராமன் மிதிலைக்கு வந்த நாளில் தன் இடப்பக்கம் துடித்தது. நாட்டை இழந்து காடு புகுந்த நாளிலும் இராவணன் வஞ்சித்து வந்த நாளிலும் வலப்பக்கம் துடித்தது. இன்று மீண்டும் இடப்பக்கம் துடிக்கிறதே, என்ன நன்மை வரும் என்று கேட்கிறாள். வாழ்க்கை முழுவதையும் துடிப்புகளாலேயே கணக்கிட்டு வைத்திருக்கிறாள் அவள். அடுத்து வரப்போகிறவன் அநுமன் என்பது நமக்குத் தெரியும். வடமொழியில் காளிதாசனும் இவ்வுத்தியை நன்கு கையாண்டவர். சாகுந்தலத்தின் முதல் அங்கத்தில் ஆசிரமத்துள் நுழையும் துஷ்யந்தனின் தோள் துடிக்கிறது. ஐந்தாம் அங்கத்தில் அவனுடைய அரசவைக்கு வரும் சகுந்தலையின் வலக்கண் துடிக்கிறது. அவன் அவளை மறந்துவிட்டான் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

நேயர்களே, இது நமக்கு மட்டும் உரிய நம்பிக்கை என்று எண்ண வேண்டாம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கக் கவிஞர் தியோக்கிரிட்டஸ் ஓர் ஆட்டிடையனைப் பாட வைக்கிறார். அவன் காதலி குகையை விட்டு வெளியே வரவில்லை. அப்போது அவன், என் வலக்கண் துள்ளுகிறதே, அவளைக் காண்பேனோ என்கிறான். ஆணுக்கு வலம் நன்மை என்னும் நமது கணக்கு அங்கும் பொருந்துகிறது. கிரேக்க மொழியில் கண் துள்ளுகிறது. சீனத்திலும் கண் துள்ளத்தான் செய்கிறது. இடக்கண் துள்ளினால் செல்வம், வலக்கண் துள்ளினால் கேடு என்பது அவர்கள் வழக்கு. தெலுங்கிலும் கன்னடத்திலும் கண் அதிர்கிறது. நமது அதிர் என்ற வேரேதான் அது. மலையாளத்தில் நம்மைப்போலவே துடிக்கிறது. ஆட்டம், துள்ளல், அதிர்வு, துடிப்பு என்று சொற்கள் வேறுபட்டாலும் எல்லா மொழிகளிலும் செய்வது கண்தான். கண்ணுக்கு உரியவர் அல்லர்.

இனி ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் வழங்கும் மற்றொரு சிறுசொல்லைப் பார்ப்போம். "டிக்" என்பது அச்சொல். நம் பிள்ளைகளுக்கு டிக் என்றால் விடைத்தாளில் ஆசிரியர் சிவப்பு மையால் போடும் சரி அடையாளம். அல்லது கடிகாரத்தின் ஓசை. ஒலி ஒன்றாயினும் இது வேறு சொல். பிரெஞ்சு மொழியில் 17ஆம் நூற்றாண்டில் இச்சொல் குதிரைகளுக்குத் திடீரென்று வரும் ஒரு கோளாறைக் குறித்தது. பின்னர்தான் மனிதருக்கு ஏறியது. கண்ணை அடிக்கடி இறுக மூடித் திறப்பது, தோளை வெட்டுவது, தொண்டையைச் செருமுவது, காரணமின்றி ஒரு சிற்றொலி எழுப்புவது ஆகியன போலத் தாமே வந்து வந்து போகும் அசைவுகளுக்கு அது பெயராயிற்று. பேச்சில் ஒரே சொல்லைத் தேவையின்றித் திரும்பத் திரும்பச் சொல்லும் பழக்கத்தையும் பிரெஞ்சுக்காரர் டிக் என்பர். ஜெர்மன் பேச்சு வழக்கில் ஒருவனுக்கு டிக் இருக்கிறது என்றால், அவனுக்குத் தலையில் ஏதோ கொஞ்சம் பிசகு என்று பொருள். குதிரையின் நோயில் தொடங்கி மனிதனை ஏளனம் செய்வது வரை வந்துவிட்டது அந்தச் சொல்.

1885ஆம் ஆண்டில் ஜில் டி லா டூரெட் என்னும் பிரெஞ்சு மருத்துவர், இத்தகைய அசைவுகளும் ஒலிகளும் உடைய ஒன்பது பேரைப் பற்றி எழுதினார். அவர் பெயராலேயே அந்த நிலை இன்று உலகெங்கும் அறியப்படுகிறது. அது பேயுமன்று, பிடிவாதமுமன்று. மூளையும் நரம்பும் சார்ந்த ஒன்று என்ற தெளிவு அதன் பின்னர் மெல்ல மெல்ல வந்தது.

இதற்கு முன்பே, 1686இல், சைடன்ஹாம் என்ற ஆங்கில மருத்துவர் சிறுபிள்ளைகளுக்கு வரும் மற்றொரு வகை அசைவு நோயை விவரித்திருந்தார். அதற்கு வழங்கும் பெயர் கொரியா. கிரேக்கத்தில் அச்சொல்லுக்குப் பொருள் நடனம்! பெருங்கடுங்கோவின் தலைவிக்குக் கண் ஆடியதையும், ஐரோப்பிய மருத்துவன் நோய்க்கு நடனம் என்று பெயரிட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாமே நிகழும் அசைவைக் கண்ட மனிதர்கள் வெவ்வேறு கரைகளில் நின்று ஆட்டம் என்ற ஒரே உவமையையே கண்டெடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒருவர் அதில் நல்ல செய்தியைக் கண்டார். மற்றவர் நோயைக் கண்டார்.

இப்போது அந்த மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2012ஆம் ஆண்டு. நான் அப்போது வேறொரு பாடசாலையில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். பட்டமும் பயிற்சியும் பெற்ற ஆசிரியன் என்ற எண்ணம் எனக்கு மிகுதியாக இருந்த காலம் அது. தரம் ஏழில் ஒரு பையன். தோட்டத்தின் மேற்பிரிவு லயத்திலிருந்து நடந்தே வருவான். ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "சேர், இவன் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறான்" என்றாள். நான் விசாரிக்கவில்லை. "கண்ணடிக்கிறாயா?" என்று அவனைக் கேட்டேன். "இல்லை சேர்" என்றான். அப்படிச் சொல்லும்போதே அவன் வலக்கண் இறுக மூடித் திறந்தது. தோளும் ஒருமுறை வெட்டியது. வகுப்பு முழுவதும் சிரித்தது. என்னையே பார்த்துக் கண்ணடிக்கிறான், என் முன்னாலேயே தோளைக் குலுக்குகிறான் என்று எனக்குச் சினம் மூண்டது. வெளியே போய் நில் என்றேன். அந்த வாரம் முழுவதும் என் பாடவேளைகளில் அவன் வராந்தாவில்தான் நின்றான். நான் யன்னல் வழியே பார்க்கும்போதெல்லாம் அவன் கண் மேலும் வேகமாக மூடித் திறந்தது. அடுத்த திங்கட்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த திங்களும் வரவில்லை. வரவு இடாப்பில் அவன் பெயருக்கு நேரே வட்டங்கள் நிறைந்துகொண்டிருந்தன. பன்னிரண்டு வயதில் தோட்டத்துப் பிள்ளையொன்று பாடசாலைக்கு வராமல் நின்றால் அதன் முடிவு என்ன என்பதை இந்த மாகாணத்தில் வாழ்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் வாரம் ஒரு சனிக்கிழமை அவன் வீட்டைத் தேடிப் போனேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அவன் மணிக்கட்டில் கறுப்பு நூல் கட்டியிருந்தது. கோடாங்கியிடம் உடுக்கு அடித்துப் பார்த்தார்களாம். முனியின் பார்வை என்று சொல்லப்பட்டதாம். நான் ஆசிரியருக்குரிய தோரணையோடு, "அம்மா, உங்கள் பிள்ளை வகுப்பில் செய்யும் சேட்டையைக் கண்டிக்கத்தான் வெளியே நிறுத்தினேன்" என்று ஆரம்பித்தேன். அந்தத் தாய் கோபப்படவில்லை. அமைதியாகச் சொன்னாள்: "சேர், அவன் செய்யலீங்க. அவனுக்கு வருதுங்க."

நேயர்களே, பதினைந்து ஆண்டுகள் இலக்கணம் படித்தவனுக்கு அந்த இரண்டு வாக்கியங்களில் பாடம் இருந்தது. அவன் செய்கிறான் என்றால் எழுவாய் அவன். செயலுக்குப் பொறுப்பும் அவனுடையது. அவனுக்கு வருகிறது என்றால் நான்காம் வேற்றுமை; அவன் செய்பவனல்லன், பெறுபவன். எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தும்மல் வருகிறது, எனக்குக் கண் துடிக்கிறது என்று நாள்தோறும் சொல்கிறோம். நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை, நேர்ச்சி என்று தொடங்கிப் பொருள்களை எண்ணிய நன்னூலார், இன்ன பிறவும் உண்டு என்று இடம்விட்டே முடித்தார். விட்ட அந்த இடத்தில் இந்தத் தாயின் வாக்கியமும் அமரும். கண்ணடித்தான் என்று அந்த மாணவி சொன்னதும், நான் நம்பியதும் ஒரு சொற்பிழை. அது கண்ணடித்தல் அன்று; கண் துடித்தல். ஒரு வினைச்சொல்லை மாற்றிப் போட்டதற்கு ஒரு பிள்ளை மூன்று வாரம் பாடசாலையை இழந்தான்.

பையன் அதுவரை கதவோரத்தில் நின்றான். பின்னர் மெல்லச் சொன்னான்: "அடக்கித்தான் பார்த்தேன் சேர். தும்மலை அடக்குற மாதிரி இருக்கும். விட்டா அப்புறம் ரெண்டு மடங்கா வரும். நீங்க பார்த்தா இன்னும் கூடுது."

அடுத்த வாரம் அவர்களோடு நானும் பதுளைக்குப் போனேன். அங்கே பரிசோதித்தவர் ஒரு சிங்கள மருத்துவர். பையனைச் சிறிது நேரம் கவனித்துவிட்டுத் தாயிடம் அவர் கேட்ட முதற் கேள்வி இரண்டு சொற்கள்தான்: "கஹனவாத? கெஹெனவாத?" தாய் தயங்காமல், "கெஹெனவா டொக்டர்" என்றாள்.

சிங்களம் அறியாத நேயர்களுக்காக இதைச் சற்று விளக்குகிறேன். கஹனவா என்றால் அடித்தல். மேளத்தைக் கஹனவா. கெஹெனவா என்பது அதே வினையின் மற்றொரு வடிவம். எண்ணாமல் தானே நிகழ்வது. நெஞ்சு படபடப்பதையும் குளிரில் உடல் நடுங்குவதையும் கெஹெனவா என்பார்கள். சிங்கள இலக்கணத்தில் எண்ணிச் செய்வதற்கும் எண்ணாமல் நிகழ்வதற்கும் இவ்வாறு தனித்தனி வினைவடிவங்கள் பல உண்டு. நட்டனவா என்றால் ஆடுதல். நெட்டெனவா என்றால் தன்னை மீறி ஆட்டம் வருதல். நான் ஆடுகிறேன் என்பதற்கு மம, அதாவது நான் என்று தொடங்குவார்கள். ஆட்டம் தானே வந்தால் மட்ட, அதாவது எனக்கு என்று தொடங்குவார்கள். நமது நான்காம் வேற்றுமைதான்! அந்தத் தாய் தமிழில் எனக்குச் சொன்னதை மருத்துவர் சிங்களத்தில் அவளிடம் கேட்டார். ஒரே மலையில் வாழும் இரு மொழிகள் இந்த ஓர் இடத்தில் ஒன்றாகவே சிந்தித்திருக்கின்றன. நடுவே நின்ற எனக்குத்தான் அது தெரியாமற் போயிற்று.

மருத்துவர் சொன்னவற்றையும், பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். இவ்வகை டிக் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் தொடங்கும். பத்து, பன்னிரண்டு வயதில் உச்சத்தில் நிற்கும். பெரும்பாலானோருக்குப் பதின்ம வயது முடியுந் தறுவாயில் தணிந்துவிடும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கே மூன்று, நான்கு மடங்கு அதிகம். சிறிது நேரம் அடக்க இயலும் என்பதாலேயே, வேண்டுமென்று செய்கிறான் என்று பிறர் எண்ணிவிடுகிறார்கள். களைப்பு, பதற்றம், பிறர் உற்றுநோக்குதல் ஆகியன அதனைக் கூட்டும். தண்டனையும் கூட்டும். அறிவுக் குறைபாடு அன்று; தொற்றுவதும் அன்று.

பஸ்ஸில் அந்தப் பெண் சொன்ன இமைத்துடிப்பு வேறு. தூக்கமின்மை, களைப்பு, தேநீரும் கோப்பியும் மிகுதல் ஆகியவற்றால் அது யாருக்கும் வரும், தானே போய்விடும். வாரக்கணக்கில் நீடித்தாலோ, முகத்தின் ஒரு பாதி சேர்ந்து இழுத்தாலோ மருத்துவரிடம் காட்டவேண்டும்.

சைடன்ஹாம் விவரித்த கொரியாவைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. ஐந்து முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்கு அதிகமாக, இது வரும். தொண்டையில் கிருமித் தொற்று ஏற்பட்டுச் சில வாரங்களோ மாதங்களோ கழிந்தபின் தலைகாட்டும். நன்றாக எழுதிய பிள்ளையின் கையெழுத்துச் சிதறும். கையிலிருக்கும் கோப்பை தவறி விழும். உட்கார்ந்த இடத்தில் கைகால்கள் நெளியும். கவனமில்லாத பிள்ளை என்று வீட்டில் ஏசுவார்கள். பாடசாலையில் நாம் ஏசுவோம். ஆனால் இதே நோய்க்காரணம் இருதயத்தின் வால்வுகளையும் கெடுக்கக்கூடியது. நேரத்தோடு கண்டறிந்தால், அது மீண்டும் வராமல் பென்சிலின் கொண்டு தடுக்கலாம். நெருக்கமான வீடுகளில் தொண்டைத் தொற்று எளிதில் பரவும். லயத்து அறைகளில் ஒரு குடும்பம் முழுவதும் அடுத்தடுத்துப் படுத்துறங்கும் நமது மக்களிடம் இதனைச் சொல்லாமல் விடக்கூடாது. கையெழுத்துத் திடீரென்று கெட்டுப்போன பிள்ளையை அடிப்பதற்கு முன், அதற்கு அண்மையில் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தனவா என்று ஆசிரியர்கள் ஒருமுறை கேட்க வேண்டும்.

இவ்விடத்தில் தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இந்த நிலைக்குப் பொதுமக்கள் வாயில் வழங்கும் தமிழ்ப்பெயர் ஒன்று நமக்கு வேண்டும். பெயரில்லாததனாலேயே சேட்டை என்கிறோம், குறும்பு என்கிறோம், இன்னும் சிலர் வலிப்பு என்று சொல்லிவிடுகிறார்கள். வலிப்பு முற்றிலும் வேறான நோய். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, அதற்கென்று சொற்களை ஆக்கித் தந்தார். அத்தகைய முயற்சி நடந்த நாட்டில், ஒரு சிறுவனின் கண்ணசைவுக்குச் சொல் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. துடி இருக்கிறது. "இவனுக்குத் துடி உண்டு" என்று சொல்லிப் பாருங்கள். குதிரையின் நோய் அதில் இல்லை. தலைப்பிசகு என்ற ஏளனமும் இல்லை. உயிரும் வேகமும் அதில் உண்டு. அதற்கு மேலாக, அவனுக்கு என்ற நான்காம் வேற்றுமை உண்டு.

அறிஞர்கள் இதனினும் சிறந்த சொல்லைத் தரலாம். தந்தால் மகிழ்ச்சியோடு ஏற்பேன். அதுவரை எனக்கு இது போதும்.

அந்த மாணவனின் கதையை முடித்துவிடுகிறேன். அவன் வகுப்புக்குத் திரும்பிய நாளில் நான் மாணவர்கள் முன் எழுந்து, "இவன் கண்ணடித்தான் என்று நான் சொன்னது பிழை. இவனுக்குக் கண் துடிக்கிறது. வெளியே நிறுத்தியதும் பிழை" என்று சொன்னேன். அப்படிச் சொன்னவுடன் வகுப்பு திருந்திவிட்டது என்று நான் கூறமாட்டேன். சில நாட்கள் சிரிப்பு இருந்தது. நான் அவனை உற்றுப் பார்ப்பதை நிறுத்தினேன். வாசிக்கச் சொல்லும்போது கண் துடித்தால் நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளைகளும் மெல்ல அப்படியே பழகினார்கள். புதுமை தீர்ந்ததும் சிரிப்பும் தீர்ந்தது. அவன் சாதாரண தரப் பரீட்சை எழுதினான். பதினேழு வயதளவில் துடி வெகுவாகத் தணிந்தது. இன்று ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். அண்மையில் சந்தித்தபோது, "மாசக் கடைசியில கணக்கு முடிக்கும்போது மட்டும் இன்னும் வரும் சேர்" என்றான். செய்வேன் என்று சொல்லவில்லை. வரும் என்றுதான் சொன்னான்.

நமுனுகுல மலையில் பனி இறங்கும் இந்த மார்கழி நாட்களில் எத்தனையோ வகுப்பறைகளில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கண் மூடித் திறந்துகொண்டிருக்கும், தோள் வெட்டிக்கொண்டிருக்கும். கபிலரின் தோழி கண் ஆடுவதைக் கண்டு தலைவிக்கு நல்ல வார்த்தை சொன்னாள். பஸ்ஸில் அந்த அக்காவும் நல்ல வார்த்தையே சொன்னாள். நம் எதிரில் நிற்கும் பிள்ளைக்குச் சகுனம் பார்த்துச் சொல்ல நம்மால் இயலாது. கண்டிக்க வாய் திறப்பதற்கு முன், "இவன் செய்கிறானா, இவனுக்கு வருகிறதா?" என்று ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்ள இயலும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மேற்பிரிவு லயத்தில் ஒரு தாய்க்கு அது தெரிந்திருந்தது.